ஜே1 லீக்: ஒரு சீசனைப் பின்தொடர்வது எப்படி?

ஜப்பான் கால்பந்தின் முதல் பிரிவான ஜே1 லீக்கில் ஒரு சீசன் என்றால் 20 அணிகள், 38 சுற்றுகள், மொத்தம் 380 ஆட்டங்கள். ஒவ்வொரு அணியும் மற்ற 19 அணிகளோடும் இரண்டு முறை மோதும். ஒரு முறை சொந்த மைதானத்தில், இன்னொரு முறை எதிரணியின் ஊரில். வென்றால் 3 புள்ளி, டிரா என்றால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. லீக் ஆட்டத்தில் கூடுதல் நேரமும் இல்லை, பெனால்டி ஷூட்அவுட்டும் இல்லை. கடைசியில் அரையிறுதி, இறுதிப் போட்டி என்று எதுவும் வராது. 38-வது சுற்று முடியும்போது பட்டியலில் யார் முதலிடமோ அவர்தான் சாம்பியன்.

பிளே-ஆஃப் பார்த்தே பழகியவர்களுக்கு இது முதலில் சப்பென்று தோன்றும். ஆனால் இந்த அமைப்பில் முதல் வாரத்தில் கோட்டைவிட்ட ஒரு புள்ளிக்கும் கடைசி வாரத்தில் கோட்டைவிட்ட ஒரு புள்ளிக்கும் ஒரே விலைதான். பிப்ரவரியில் கவனக்குறைவால் வாங்கிய ஒரு கோல் டிசம்பரில் கோப்பையைப் பறித்த கதைகள் ஜே1-ல் நிறைய உண்டு. அதனால் தனித்தனி ஆட்டத்தைவிட முதலில் பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது.

ஓர் அணி எடுக்கக்கூடிய அதிகபட்சப் புள்ளி 114. அதன் பக்கத்தில் யாரும் போவதில்லை. 38 ஆட்டங்கள் நடந்த 2021 சீசனில் கவாசாகி ஃபிரோன்டாலே 28 வெற்றி, 8 டிரா, 2 தோல்வியோடு 92 புள்ளி எடுத்தது, அது விதிவிலக்கு. 2024-ல் விசல் கோபே 21 வெற்றி, 9 டிரா, 8 தோல்வி என்று 72 புள்ளியில் சாம்பியன் ஆனது. 2025-ல் காஷிமா ஆன்ட்லர்ஸ் 76 புள்ளியில் பட்டம் வென்றது. அவர்களும் 8 முறை தோற்றார்கள். ஆக, ஆட்டத்துக்குச் சராசரியாக 2 புள்ளி வந்தாலே ஜே1-ல் கோப்பையைத் தொடலாம். கீழே பார்த்தால், 2024-ல் 38 புள்ளியோடு 18-வது இடத்தில் முடித்த ஜூபிலோ இவாட்டா இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 41 புள்ளி எடுத்த காஷிவா ரெய்சோல் 17-வது இடத்தில் தப்பியது. ஆட்டத்துக்கு ஒரு புள்ளியைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்தால் உயிர் பிழைக்கலாம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 20-வது சுற்றில் ஓர் அணி 40 புள்ளியோடு இருந்தால் அது பட்டத்துக்கான ஓட்டத்தில் இருக்கிறது; 18 புள்ளியோடு இருந்தால் ஆபத்தில் இருக்கிறது.

இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றால் முதலில் பார்ப்பது கோல் வித்தியாசம், அதாவது அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்து வரும் எண். அதுவும் சமம் என்றால் அதிக கோல் அடித்த அணி மேலே. அதன் பிறகே இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களின் முடிவு கணக்கில் வரும். ஸ்பானிய லீக்கைப் பின்தொடர்பவர்கள் இங்கே தடுமாறுவார்கள். அங்கே நேருக்கு நேர் முடிவுதான் முந்தும்.

இது ஏதோ காகிதத்தில் மட்டும் இருக்கும் விதி என்று நினைத்தால் 2005 டிசம்பர் 3-ஆம் தேதியைப் பாருங்கள். அப்போது 18 அணிகள், 34 சுற்றுகள். கடைசிச் சுற்று தொடங்கும்போது ஐந்து அணிகளுக்குப் பட்டம் வெல்லும் வாய்ப்பு இருந்தது. செரெசோ ஒசாகா 58 புள்ளியோடு முன்னணியில். அதே ஊர்க்காரரான காம்பா ஒசாகா 57. உராவா, காஷிமா, ஜெஃப் யுனைடெட் மூன்றும் 56. செரெசோ தன் சொந்த மைதானத்தில் எஃப்சி தோக்கியோவை 2-1 என்று முந்திக்கொண்டிருந்தது. அப்படியே முடிந்திருந்தால் கோப்பை அவர்களுடையது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கார்னரிலிருந்து தோக்கியோ அணியின் யாசுயுகி கொன்னோ சமன் செய்தார். 2-2. கவாசாகியில் 4-2 என்று வென்ற காம்பா 60 புள்ளியோடு முதல் முறையாகச் சாம்பியன் ஆனது. உராவா, காஷிமா, ஜெஃப், செரெசோ நான்கும் 59 புள்ளியில் நின்றன. நான்கு அணிகளையும் வரிசைப்படுத்தியது கோல் வித்தியாசம்தான். அதில் கடைசியாக நின்ற செரெசோ ஒரே கோலில் முதலிடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்குப் போனது.

2017-ல் பட்டத்தையே கோல் வித்தியாசம் முடிவு செய்தது. கடைசி நாளில் முன்னணியில் இருந்த காஷிமா, இவாட்டாவில் கோல் இல்லாமல் டிரா செய்தது. கவாசாகி ஓமியாவை 5-0 என்று நொறுக்கியது. இருவருக்கும் 72 புள்ளி. கோல் வித்தியாசத்தில் கவாசாகி வெகு தூரம் முன்னே. சாம்பியனுக்குத் தரும் வட்ட வெள்ளித் தட்டு கவாசாகி மைதானத்தில் இல்லை. அதனால் கேப்டன் யூ கொபயாஷி, ரசிகர் கொண்டுவந்த ஒரு குளியல் வாளியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அந்தப் புகைப்படம் இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பட்டியலைப் பார்க்கும்போது புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. புள்ளியை மட்டும் பார்ப்பார்கள், ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை இருக்கும் கட்டத்தைப் பார்க்க மாட்டார்கள். ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடும் அணிகளின் லீக் ஆட்டங்கள் முன்னும் பின்னும் நகரும். புயல், இடி மழையால் தள்ளிப்போவதும் சகஜம். அதனால் சீசன் நடுவில் ஐந்தாம் இடத்தில் இருப்பதாகத் தெரியும் அணி, இரண்டு ஆட்டம் பாக்கி வைத்திருந்தால் உண்மையில் இரண்டாம் இடத்துக்குப் போட்டியிடுகிறது என்று பொருள். ஆடாத ஆட்டத்தை வெற்றியாகவே எண்ணிவிடவும் கூடாது. எனவே புள்ளியை ஆட்ட எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஓரளவு நேர்மையான படம் கிடைக்கும்.

பாதியில் நின்ற ஆட்டம் இன்னும் விசித்திரம். 2024 ஆகஸ்ட் 24 அன்று சாய்தாமாவில் உராவாவும் கவாசாகியும் மோதின. முதல் பாதி முடிவில் கவாசாகி 1-0. இடைவேளையில் இடியும் மழையும் கொட்டியதால் ஆட்டம் அப்படியே நிறுத்தப்பட்டது. ஜே லீக்கில் இப்படி நின்ற ஆட்டத்தை என்ன செய்வது என்பதைச் சூழ்நிலை பார்த்து முடிவு செய்வார்கள்: அந்த ஸ்கோரையே முடிவாக ஏற்கலாம், முதலிலிருந்து மறுபடி ஆட வைக்கலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இந்த முறை மூன்றாவது வழி. நவம்பர் 22 அன்று ரசிகர்கள் மைதானத்துக்குத் திரும்ப வந்து, 1-0 என்ற ஸ்கோரிலிருந்து வெறும் 45 நிமிட ஆட்டத்தைப் பார்த்தார்கள். முடிவு 1-1. ஒரே ஆட்டத்தின் இரண்டு பாதிகளுக்கு நடுவே மூன்று மாதம்!

ஜே1-ஐ மற்ற பெரிய லீக்குகளிலிருந்து பிரித்துக் காட்டுவது, அணிகளுக்கு இடையே உள்ள நெருக்கம். 2024-ல் மயிரிழையில் தப்பிய காஷிவா, அடுத்த ஆண்டே புதிய பயிற்சியாளர் ரிகார்டோ ரோட்ரிகஸின் கீழ் 75 புள்ளி எடுத்து, ஒரே புள்ளியில் பட்டத்தைத் தவறவிட்டது. விசல் கோபே 2022-ல் 13-வது இடம், 2023-ல் சாம்பியன். காம்பா ஒசாகா 2012-ல் இரண்டாம் பிரிவுக்கு விழுந்து, 2013-ல் அங்கே முதலிடம் பிடித்துத் திரும்பி, 2014-ல் லீக் உட்பட மூன்று உள்நாட்டுக் கோப்பைகளையும் அள்ளியது. இதே காஷிவா 2010-ல் ஜே2 (இரண்டாம் பிரிவு) சாம்பியன், 2011-ல் ஜே1 சாம்பியன். 2024-ல் முதல் முறையாக ஜே1-க்கு வந்த மச்சிடா ஸெல்வியா, உயர்நிலைப் பள்ளி அணியிலிருந்து தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த பயிற்சியாளர் கோ குரோதாவோடு மூன்றாம் இடம் பிடித்தது. கடைசி நாள் வரை பட்டத்துக்கும் வாய்ப்பு வைத்திருந்தது.

இதற்கு ஒரு முக்கியக் காரணம் ஐரோப்பா. நன்றாக ஆடும் இளைஞர்களை ஐரோப்பியக் கிளப்புகள் தூக்கிக்கொண்டு போய்விடும். பிப்ரவரி முதல் டிசம்பர் வரை சீசன் நடந்த காலத்தில் இது இன்னும் கடுமையாக வலித்தது. ஐரோப்பாவின் கோடை டிரான்ஸ்ஃபர் சந்தை, ஜே1 சீசனின் நட்டநடுவில் திறக்கும். 2021 கோடையில் மட்டும் கவாசாகி, கவோரு மிதோமாவையும் ஆவோ தனாகாவையும் இழந்தது. கோபே, கியோகோ ஃபுருஹாஷியை இழந்தது. ஜூலையில் பட்டியலில் மேலே இருந்த அணி செப்டம்பரில் தடுமாறினால், பயிற்சியாளரைத் திட்டும் முன் யார் விமானம் ஏறினார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது.

இன்றைய எளிய புள்ளிக் கணக்கு தொடக்கத்தில் இல்லை. 1993 மே 15 அன்று தோக்கியோ தேசிய மைதானத்தில் வெர்டி கவாசாகிக்கும் யோகோஹாமா மரினோஸுக்கும் இடையே முதல் ஆட்டம் நடந்தபோது லீக்கில் 10 அணிகள். அன்று மரினோஸ் 2-1 என்று வென்றது. டிரா என்ற சொல்லுக்கே அப்போது இடமில்லை. 90 நிமிடத்தில் முடியாவிட்டால் கூடுதல் நேரம், அதில் முதல் கோல் அடித்தவர் வெற்றி, அதுவும் இல்லையென்றால் பெனால்டி. ஆண்டை இரண்டு கட்டமாகப் பிரித்து, இரு கட்டங்களின் வெற்றியாளர்களும் மோதிப் பட்டத்தை முடிவு செய்தார்கள். பிறகு 90 நிமிட வெற்றிக்கு 3 புள்ளி, கூடுதல் நேர வெற்றிக்கு 2 என்று மாறியது.

அந்த ஒரு புள்ளி வித்தியாசம் என்ன செய்யும் என்பதற்கு 1999 நவம்பர் 27 சாட்சி. முதல் முறையாக ஜே1-லிருந்து அணிகள் இறக்கப்பட்ட சீசன் அது. உராவாவின் கொமாபா மைதானத்தில் உராவாவும் ஹிரோஷிமாவும் 90 நிமிடம் 0-0. உராவா தப்பிக்க 90 நிமிடத்துக்குள் வென்று 3 புள்ளி எடுத்திருக்க வேண்டும். மற்ற மைதானங்களின் முடிவுகள் வந்துவிட்ட நிலையில், கூடுதல் நேரம் தொடங்கும்போதே கணக்கு முடிந்துவிட்டது. 106-வது நிமிடத்தில் மசாஹிரோ ஃபுகுதா கோல் அடித்தார். ஆட்டம் வெற்றி, 2 புள்ளி, அணி இரண்டாம் பிரிவுக்கு. கொண்டாடக் கட்டிப்பிடிக்க வந்த சக வீரரை ஃபுகுதா தள்ளிவிட்டார். ஜெஃப் யுனைடெட்டும் உராவாவும் ஒரே புள்ளி; கோல் வித்தியாசத்தில் உராவா கீழே போனது. கூடுதல் நேரம் 2003-ல் ஒழிந்தது, ஒரே பட்டியல் முறை 2005-ல் நிலைபெற்றது.

ஆனால் 2015, 2016 இரண்டு ஆண்டுகளில் பழைய இரு கட்ட முறையைத் திரும்பக் கொண்டுவந்து பார்த்தார்கள். நல்ல யோசனை இல்லை. 2016-ல் ஆண்டு முழுவதையும் சேர்த்தால் உராவா 74 புள்ளி, கவாசாகி 72, காஷிமா 59. முதல் கட்டத்தை வென்றிருந்ததால் காஷிமாவுக்குப் பிளே-ஆஃபில் இடம் கிடைத்தது. கவாசாகியை 1-0 என்று வென்று, உராவாவோடு இரண்டு ஆட்ட இறுதியில் மோதியது. முதல் ஆட்டத்தில் 0-1 தோல்வி, இரண்டாவதில் 2-1 வெற்றி; மொத்தம் 2-2, எதிரணி மைதானத்தில் அடித்த கோல் கணக்கில் காஷிமா சாம்பியன். 15 புள்ளி குறைவாக எடுத்த அணியிடம் கோப்பை போனதை உராவா ரசிகர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. 2017-ல் ஒரே பட்டியலுக்குத் திரும்பினார்கள்.

இனி ஏற்ற இறக்கம். ஜே1, ஜே2, ஜே3 மூன்று பிரிவுகளிலும் 2024 முதல் தலா 20 அணிகள். ஜே1-ல் கடைசி மூன்று இடங்கள் நேராக ஜே2-க்கு. ஜே2-ல் முதல் இரண்டு அணிகள் நேராக மேலே வரும். மேலே வருவதற்கான மூன்றாவது வாய்ப்பு, 3 முதல் 6 வரை முடித்த நான்கு அணிகளுக்கு இடையே நடக்கும் பிளே-ஆஃபில் வென்றவருக்கு. ஆக, நாக்-அவுட் பரபரப்பு வேண்டுமென்றால் அது கீழ்ப் பிரிவில்தான் கிடைக்கும். அதிலும் ஒரு நுணுக்கம்: ஆட்டம் டிரா ஆனால், சீசனில் மேலே முடித்த அணிக்கே வெற்றி. 2023 டிசம்பர் 2 அன்று தேசிய மைதானத்தில் மூன்றாம் இடத்து தோக்கியோ வெர்டியும் நான்காம் இடத்து ஷிமிசு எஸ்-பல்ஸும் மோதின. ஷிமிசு 1-0 என்று முன்னணியில்; காயங்களுக்காகச் சேர்த்த நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. 96-வது நிமிடத்தில் வெர்டிக்கு ஒரு பெனால்டி, இத்சுகி சொமேனோ அடித்தார், 1-1. வெர்டி வெல்லவில்லை, ஆனாலும் 2008-க்குப் பிறகு முதல் முறையாக ஜே1-க்கு வந்துவிட்டது. 42 ஆட்டங்கள் ஆடிய பிறகு ஓரிடம் முன்னே முடித்ததன் பலன் அந்த ஒரு நிமிடத்தில் வந்தது.

பட்டியலில் இடம் பிடித்தால் மட்டும் போதாது. கிளப்புக்கு ஜே1 உரிமம் வேண்டும். 2013 சீசன் முதல் நடப்பில் இருக்கும் இந்த உரிமம் மைதானம், நிதி, இளைஞர் பயிற்சி, நிர்வாகம் எல்லாவற்றையும் சோதிக்கும். ஜே1 மைதானத்துக்கு அடிப்படை அளவு 15,000 இருக்கைகள். கடன் சொத்தைத் தாண்டினாலோ, தொடர்ந்து நஷ்டம் காட்டினாலோ உரிமம் ஆட்டம் காணும். இதே மச்சிடா 2018-ல் ஜே2-ல் நான்காம் இடம் பிடித்தும், ஜே1 உரிமம் இல்லாததால் பிளே-ஆஃப் வாசலைத் தாண்ட முடியவில்லை. மைதானத்தை விரிவாக்கிய பிறகே மேலே வந்தது. ஆகவே ஜே2 பட்டியலைப் பார்த்து “இவர்கள் அடுத்த ஆண்டு ஜே1” என்று சொல்வதற்கு முன் உரிமத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். 1993 முதல் ஒருமுறைகூட இறங்காத அணிகள் இரண்டே: காஷிமா ஆன்ட்லர்ஸ், யோகோஹாமா எஃப் மரினோஸ்.

அணிப் பட்டியல் விதிகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். வெளிநாட்டு வீரர்களை எத்தனை பேரை வேண்டுமானாலும் ஒப்பந்தம் செய்யலாம், ஆனால் 2019-ல் வந்த விதிப்படி ஓர் ஆட்டத்துக்கான பட்டியலில் ஐந்து பேர்தான். தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா போன்ற ஜே லீக்கின் கூட்டாளி நாடுகளிலிருந்து வருபவர்கள் இந்த ஐந்தில் சேர மாட்டார்கள். சப்போரோவில் பேர் வாங்கிய தாய்லாந்தின் சனாதிப்பைப் போன்ற வீரர்களுக்கு இது வசதியான கதவு. இரண்டாவது, 12 முதல் 21 வயதுக்குள் குறைந்தது 990 நாள் அதே கிளப்பில் பதிவாகி வளர்ந்தவர்கள் 2022 முதல் ஜே1 அணியில் நான்கு பேராவது இருக்க வேண்டும்.  மஞ்சள் அட்டைக் கணக்கும் உண்டு: சீசனில் நான்காவது அட்டை வாங்கினால் ஓர் ஆட்டம் வெளியே.

லீக்குக்கு இணையாக ஜே லீக் அணிகளுக்கான லெவைன் கோப்பையும், அமெச்சூர் அணிகளும் கலந்துகொள்ளும் பேரரசர் கோப்பையும் நடக்கும். இவற்றின் கோல்களும் முடிவுகளும் லீக் பட்டியலில் சேராது. 2024-ல் விசல் கோபே லீக்கையும் பேரரசர் கோப்பையையும் சேர்த்தே வென்றது.

இப்போது பெரிய மாற்றம். 2025 வரை பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடிந்த சீசன், 2026-27 முதல் ஆகஸ்டில் தொடங்கி அடுத்த ஆண்டு மே, ஜூன் வாக்கில் முடியும். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை குளிர்கால இடைவேளை. 2023 டிசம்பரில் எடுத்த முடிவு இது. ஜூலை, ஆகஸ்ட் வெக்கையில் வீரர்களின் வேகமான ஓட்டம் குறைகிறது என்பது லீக் முன்வைத்த ஒரு காரணம். இன்னொன்று ஆசியக் கோப்பைகளின் நாள்காட்டி. கவாசாகி 2024-25 ஆசிய சாம்பியன்ஸ் லீக்கைத் தொரு ஒனிகியின் பயிற்சியில் தொடங்கியது. ஜப்பானிய சீசன் முடிந்ததும் அவர் காஷிமாவுக்குப் போய்விட்டார். 2025 மே மாதம் ஜெத்தாவில் இறுதிப் போட்டியை ஆடும்போது பயிற்சியாளர் ஷிகெதோஷி ஹாசெபே. ஒரே தொடரில் பாதி வழியில் அணி மாறிப்போவது இந்த முரண்பாட்டால்தான். (ஒனிகி போன காஷிமா அந்த ஆண்டே பட்டம் வென்றது, கவாசாகி ரசிகர்களிடம் இதைச் சொல்ல வேண்டாம்.)

எதிர்ப்பும் இருந்தது. ஜப்பான் கடல் ஓரத்தில் கடும் பனி பொழியும் நீகாட்டாவின் அல்பிரெக்ஸ் கிளப் வெளிப்படையாக எதிர்த்தது. அவர்கள் கவலை ஆட்ட நாளைப் பற்றியது மட்டுமல்ல. இடைவேளை என்று சொன்னாலும் ஜனவரியில் பயிற்சி செய்ய வேண்டுமே. மைதானம் பனியில் புதைந்திருக்கும், அணி வாரக்கணக்கில் தெற்கே போய்த் தங்க வேண்டும். அந்தச் செலவு வடக்கு அணிகளுக்கு மட்டுமே. முன்பு சீசன் தொடக்கத்துக்கு முன் ஒருமுறை செய்த முகாமை இப்போது சீசன் நடுவில் செய்ய வேண்டும் என்பதால், அந்த அணிகளின் மார்ச் மாத ஆட்டங்களைக் கொஞ்சம் பரிவோடு மதிப்பிடுங்கள்.

நடுவில் விழுந்த இடைவெளியை நிரப்ப 2026 பிப்ரவரி முதல் ஜூன் வரை ஒரு சிறப்புத் தொடர் வைத்தார்கள். 20 அணிகளை கிழக்கு, மேற்கு என்று பத்துப் பத்தாகப் பிரித்து, 18 சுற்றுகள். இதில் டிரா இல்லை: 90 நிமிடத்தில் வென்றால் 3, பெனால்டியில் வென்றால் 2, பெனால்டியில் தோற்றால் 1. இறக்கமும் கிடையாது. இந்தத் தொடரின் புள்ளிகளை வழக்கமான ஜே1 சீசனோடு ஒப்பிட்டால் தப்பாகிவிடும், கணக்கே வேறு.

ஆட்டம் பார்க்க விரும்புபவர்களுக்கு நேரக் கணக்கு எளிது. ஜப்பான் நேரம் சென்னை, கொழும்பைவிட மூன்றரை மணி முன்னே. மாலை 7 மணி ஆட்டம் நமக்குப் பிற்பகல் 3.30, பகல் 2 மணி ஆட்டம் காலை 10.30. சிங்கப்பூர், கோலாலம்பூரில் இருப்பவர்கள் ஒரு மணி நேரம் கழித்துக்கொண்டால் போதும். கடைசிச் சுற்றில் எல்லா ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். அன்று ஒரு திரையில் ஆட்டம், இன்னொரு திரையில் நேரடிப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டத்துக்கான ஆட்டம் முன்னமே முடிவாகியிருந்தால், 17, 18-வது இடங்களில் இருக்கும் அணிகளின் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.